சொல்லாத வீல்

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது. வாயால் கேட்டால் எல்லோரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். தேதி போட்டு எழுதிவிட்டால் நாளைக்கு மழுப்ப முடியாது.

காலையில் ஹாலில் முக்காலி முழங்காலுக்குக் கீழே இடித்துத் தோல் உரிந்துவிட்டது. நடக்கிற வழியில் இதை யார் வைத்தது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அது பொங்கல்ல இருந்தே அங்கதான இருக்குது" என்றார். இந்த மனுஷன் எதையும் நகர்த்த மாட்டார், தன்னையே நகர்த்த மாட்டார். ஆகவே இது மிருதுளா வேலை. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று மகள் உட்கார்ந்ததிலிருந்து நாற்காலி, மேஜை எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை.

சாயங்காலம் அருள்மேரி கார் சாவி கொடுக்க வந்தாள். என்னுடைய லேடீஸ் டிரைவிங் ஸ்கூலில் எனக்கு அடுத்தபடி வகுப்பு எடுப்பவள் அவள்தான். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டியவள் சமையலறையில் மிருதுளாவோடு குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சிங்காநல்லூரில் இன்று மேகமூட்டம்.

மேரி போனதும் மிருதுளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, டிவியில கார் ரேஸ் ஓட்டற என்ற கேம் கன்சோலுக்கு ஒரு ஸ்டீரிங் வீல் வாங்கலாமா? ரொம்பப் பயப்படற ஸ்டூடண்ட்ஸை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இங்க உக்கார வெச்சுப் பழக்கலாம். நீங்களும் ஓட்டிப் பாருங்க."

யோசனை நல்ல யோசனைதான். கடைசி வாக்கியம்தான் இடிக்கிறது. நான் எதற்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்?

ஜூன் 5, புதன்

வீல் வந்துவிட்டது. காந்திபுரத்தில் ரஃபீக் என்பவர் கடை. வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவாராம். இவ்வளவு நல்லவராக இருப்பதிலேயே எனக்கு ஒரு சந்தேகம்.

வீலின் அடியில் ரப்பர் கப்புகள். அழுத்தினால் மேஜையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மர மேஜையில் பிடிக்கவில்லை, கண்ணாடி மேஜையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டோம். பெடல் தரையில் வழுக்கிக்கொண்டு டிவி ஸ்டாண்டுக்கே போனது. பழைய கால்மிதியை அடியில் போட்ட பிறகுதான் நின்றது. இரண்டே பெடல், கிளட்ச் கிடையாது. கிளட்ச் இல்லாமல் நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? ஸ்டீரிங்கும் முழுச் சுற்று வராது, கொஞ்சம் திருப்பினாலே முட்டி நிற்கிறது. கையை விட்டால் ஸ்பிரிங்கில் துள்ளி நடுவுக்கு வந்துவிடுகிறது. குழந்தை பொம்மை.

இருந்தாலும் ஓட்டினேன். வெறும் ரோட்டில் மிருதுளாவே வாயைப் பிளக்கிற மாதிரி ஓட்டினேன். கூடப் போட்டிக்கு வண்டிகளை விட்டதும் ஆட்டமே மாறிவிட்டது. நேரே போய்க்கொண்டிருக்கிறேன், இடது பக்கம் ஒன்றுமே இல்லை, திடீரென்று ஒரு மஞ்சள் கார் என் மூக்குக்கு முன்னால் முளைக்கிறது. மறுபடியும் அதே மாதிரி. வரிசையில் கடைசியாக வந்தேன்.

"கம்ப்யூட்டர் கள்ள ஆட்டம் ஆடுது" என்றேன்.

மிருதுளா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 7, வெள்ளி

அருள்மேரி விஷயம் முற்றுகிறது.

இப்போது படிக்கிறவர்களில் ஹேமலதா என்று ஒருத்தி. கூட்டுறவு பேங்கில் கிளார்க். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி ஸ்டீரிங்கைப் பிடிப்பாள். அவளிடமும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். "வலது உனக்கு, இடது எனக்கு. இடது பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீ பயப்படாம ரோட்டைப் பாரு கண்ணு." என் ஸ்கூலுக்குப் பெயரே இந்த வாக்கியத்தால் வந்ததுதான். புதிதாக ஓட்டுகிறவளிடம் நாலு பக்கமும் பார் என்றால் எந்தப் பக்கமும் பார்க்க மாட்டாள். சொல்லிக்கொடுக்கிறவள் இடது சீட்டில்தான் உட்கார்கிறாள், காலடியில் தனி பிரேக் இருக்கிறது, வலது கை ஸ்டீரிங்கில் இருக்கிறது. பாதிப் பயத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டால் அவள் மீதிப் பாதியோடு ஓட்டிவிடுவாள். மற்ற ஸ்கூலில் நடுங்குகிற பெண்கள் எல்லாம் என்னிடம் வந்து ஓட்டுவது இதனால்தான்.

இன்று மேரி தானாக வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். எதற்கு என்றால், "சும்மாதானுங்க்கா, நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்கன்னு பாக்கறேன்" என்கிறாள். இத்தனை வருஷம் பார்க்காததை இன்றைக்குப் பார்க்கிறாளாம்.

ஒண்டிப்புதூர் பக்கம் திரும்பும்போது திடீரென்று, "அக்கா, லெஃப்டு!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒரு ஸ்கூட்டர்க்காரன் எங்களை முறைத்துக்கொண்டே போனான். ஆகாயத்திலிருந்து குதித்தவன் மாதிரி வந்தான். இந்த ஊரில் வர வர எல்லோரும் இடது பக்கம்தான் ஏறுகிறார்கள். ஹேமலதா என் முகத்தையும் மேரி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸ்டூடண்ட் முன்னால் என்னைச் சின்னவளாக்குவது, பிறகு ஸ்டூடண்டைத் தன் பக்கம் இழுப்பது. புரியாதா எனக்கு?

ஜூன் 8, சனி

டீ டம்ளரை என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்தேன் என்று சொல்வதில்லை. தட்டிவிட்டால் மட்டும் எல்லோரும் "பரவால்லம்மா" என்கிறார்கள். மேஜை விரிப்பை இந்த வாரத்தில் இன்னொரு தடவை துவைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

மிருதுளாவை நம்பாமல், அந்தப் பொம்மை வீலை மாற்ற நானே ரஃபீக் கடைக்குப் போனேன். பஸ்ஸில்தான். காரில் போகாததற்குக் காரணம் காந்திபுரத்தில் பார்க்கிங் கிடைக்காது என்பதுதான், வேறொன்றுமில்லை.

கடை முழுக்கப் பையன்கள். நான் போய் நின்றதும் ஏதோ வாத்தியாரம்மா வந்துவிட்ட மாதிரி ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்று பெடல், கியர் லிவர், தோல் உறை போட்ட ஸ்டீரிங் என்று ஒரு பெட்டி இருந்தது. ரஃபீக் வேறொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு யார் விளக்கமும் வேண்டாம் என்று நானே எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் மாட்டினால் விளக்கு எரிகிறது, கன்சோல் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. ஒரு கம்பெனிக் கன்சோலுக்குச் செய்த வீல் இன்னொரு கம்பெனியில் ஓடாதாம். மிருதுளா பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே வரை பச்சைப் பட்டை, அதில் கொட்டை எழுத்தில் அடுத்த கம்பெனி பெயர்.

"இது கடையில இல்லையே" என்றேன்.

"அச்சடிச்சதும்மா."

"எனக்குத் தெரியும் கண்ணு எது அச்சு, எது ஸ்டிக்கருன்னு."

சுரண்டிப் பார்த்தேன். அச்சுதான். இவ்வளவு பெரிய பட்டையைப் பெட்டி ஓரத்தில் அடிப்பவனைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

இட்லிக்கு அரைத்தது. குக்கர் வாஷர் மாற்றியது. ஆர்.டி.ஓ. டெஸ்ட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் பாஸ். மேரி இன்றும் பின் சீட்டில்.

ஜூன் 13, வியாழன்

மூன்றாவது வீல். மிருதுளாவே மாற்றி எடுத்து வந்தாள். இது சரியான கன்சோலுக்கு உரியதுதான். கப்பு கிடையாது, மேஜை விளிம்பில் இரும்புப் பிடி போட்டு முடுக்க வேண்டும். மூன்று பெடலும் கனம். பிரேக் பெடலுக்கு உள்ளே ரப்பர் கட்டை வைத்திருக்கிறான், நிஜ பிரேக் மாதிரியே மிதித்து அழுத்த வேண்டியிருக்கிறது. ஸ்டீரிங் முழுதாகச் சுற்றி அதற்கு மேலும் வருகிறது. உள்ளே பல்சக்கரம் கடகடவென்று அரைக்கிறது, மாவு மில்லில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஆனால் ஓட்டினால்! வளைவில் கையை எதிர்த்துத் தள்ளுகிறது. மணலில் இறங்கினால் நடுங்குகிறது. பவர் ஸ்டீரிங் வராத காலத்து வண்டியை ஓட்டுகிற சுகம். எழுந்திருக்கவே மனமில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகிவிட்டது, அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

போட்டி வண்டிகளை விட்டதும் கெட்டது. நேர் ரோட்டில், பக்கத்தில் ஒரு வண்டியும் இல்லாதபோது, ஸ்டீரிங் என் கையைப் பட்டென்று வலது பக்கம் தட்டிவிட்டது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து உதறின மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும்.

"மிருது, இது ரிப்பேர் வீலு. தானாத் துள்ளுது."

"துள்ளலைம்மா. இடது பக்கத்துல ஒரு கார் வந்து இடிச்சுது."

"எந்தக் காரு?"

ரீப்ளே என்று போட்டுக் காட்டினாள். நடந்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டுவது. அதில் ஒரு மஞ்சள் கார் என் வண்டியை ஒட்டிக்கொண்டு வெகு தூரம் கூடவே வருகிறது. நான் அதன்மேலேயே போய் ஏறுகிறேன். இதை எப்படி நம்புவது? ஓட்டும்போது இல்லாததை ரீப்ளேயில் சேர்த்துக் காட்டுவது இந்தக் காலத்தில் பெரிய வேலையா என்ன.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். நான் ஓட்டிய நேரமெல்லாம் மிருதுளா டிவியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

சென்னியப்பனை அந்த வீலில் உட்கார வைத்தேன். கல்யாணத்துக்கு முன் எடுத்த லைசன்ஸைப் புதுப்பிக்கக்கூட சோம்பல்பட்ட மனுஷன். வெற்றிலையை மென்றுகொண்டே ஓட்டினார். ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. நாலாவதாக வந்தார்.

"வீலு நல்லாத்தான இருக்குது வசு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருக்கா கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமா?" என்றார்.

"ஏனுங்க, துள்றது வீலு. எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

இவரும் அவர்கள் கட்சி. கண்ணாடி பவர் சரியாகத்தான் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கிறேன். எதிர் வீட்டு நம்பர் பலகையைப் படிக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் கடைசி வரி வரை வாசித்துக் காட்டியவள் நான்.

ஜூன் 15, சனி

வீலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ரஃபீக் மாட்டி ஓட்டிக் காட்டினார். ஒரு குறையும் இல்லை.

"அக்கா, இதுக்குப் பேரு ஃபோர்ஸ் ஃபீட்பேக். ரோட்டுல என்ன நடக்குதோ அதைக் கைக்குச் சொல்லும். பக்கத்துல ஒருத்தன் உரசினான்னா உரசுன பக்கத்துல இருந்து தட்டும். நீங்க பார்த்தாலும் சரி, பார்க்காட்டியும் சரி, அது சொல்லிரும். அதுக்குத்தான் எல்லாரும் இதைக் கேட்டு வர்றாங்க."

"சொல்லாத வீல் இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "முதல்ல எடுத்துட்டுப் போனீங்களே, ஸ்பிரிங் வீலு, அது ஒண்ணும் சொல்லாது. யாரு இடிச்சாலும் பேசாம இருக்கும். ஆனா உங்களை மாதிரி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது எதுக்குங்க்கா?"

பழைய பொம்மையையே திரும்ப வாங்கி வந்தேன். ஸ்டூடண்ட்ஸுக்கு அதுவே போதும். புதிதாகப் பழகுகிறவர்களை எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

மிருதுளா பையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி மேஜையைத் துடைத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுவிட்டு இறங்கும்போது மிருதுளா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மேரிக்கா, இனி ஹேமலதா கிளாஸுக்கு அம்மாவைத் தனியா விடாதீங்க... இல்லை, இன்னும் சொல்லலை... அம்மாகிட்ட யாருங்க்கா சொல்றது?"

என் ஸ்கூல், என் வண்டி. என் பெயரை எழுதின போர்டு மேலே மாட்டியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் யார் யாரோடு போவது என்று இவர்கள் பங்கு போடுகிறார்கள். மேரி தனியாக ஸ்கூல் தொடங்கப் போகிறாள், என் பெண்ணே அதற்கு உடந்தை. அழுகை வந்தது, பழியை மிளகாய் மேல் போட்டுவிட்டேன்.

ஜூன் 19, புதன்

அருள்மேரியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, "இனிமே நான் எடுக்கற கிளாஸுல நீ வண்டியில ஏறக் கூடாது" என்றேன்.

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாது."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். "கோவிச்சுக்காதீங்க்கா. உங்க இடது பக்கத்தைப் பாக்கத்தான் நான் ஏறுனேன்" என்றாள்.

என்ன துணிச்சல். என் இடது பக்கத்தை இவள் பார்க்கிறாளாம்.

ஜூன் 21, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை ஹேமலதா வகுப்பு. நாங்கள் இரண்டு பேர் மட்டும். நன்றாகவே ஓட்டினாள். ஸ்டேஷன் பக்கம் இடது திருப்பம் வந்தது. அவள் வழக்கம்போல் வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, "மேடம், லெஃப்ட் கிளியரா?" என்றாள்.

பார்த்தேன். ரோடு காலி. "கிளியர், திருப்பு" என்றேன்.

திருப்பினாள். ஸ்டீரிங்கில் இருந்த என் வலது கை பட்டென்று அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். ஹேமலதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அலறினாள்.

சைக்கிளில் வந்தவர். பக்கத்து அடுக்குமாடியில் வாட்ச்மேன், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறவர். வண்டி மெதுவாகப் போனதால் பிழைத்தார். முழங்கையில் தோல் பெயர்ந்து ரத்தம். முன் சக்கரம் கோணிவிட்டது. டீக்கடைக்காரர்கள் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் அவர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "திடீர்னு வந்துட்டீங்களேங்க" என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார். "திடீர்னு எங்கீங்க அம்மிணி வந்தேன்? கூடவேதான வந்துட்டிருந்தேன். கண்ணாடிக்குள்ள உங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீங்களும் இந்தப் பக்கம் திரும்புனீங்க. பாத்துட்டீங்க, நிறுத்துவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எலும்பு முறிவு இல்லை என்று சொன்ன பிறகு வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அருள்மேரி வந்துதான் வண்டியை எடுத்தாள். ஹேமலதா ஆட்டோவில் ஏறும்போது, "நீங்க கிளியர்னு சொன்னீங்க மேடம். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நீங்க பார்த்துக்குவீங்கன்னுதானே..." என்றாள்.

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்த வாட்ச்மேன் மேலும் இல்லை. இதுவரை எழுதியதில் இடது பக்கத்திலிருந்து குதித்தவர்கள் எல்லோரையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூன் 22, சனி

கடை திறக்கிற நேரத்துக்கே ரஃபீக்கிடம் போய் நின்றேன். "சொல்ற வீலைக் கொடுங்க" என்றேன். நல்லவேளை, வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

மிருதுளா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். நானே மேஜையில் முடுக்கிக்கொண்டேன். போட்டி வண்டிகளை விட்டேன். ஜெயிப்பதற்காக ஓட்டவில்லை. மெதுவாக, நடு ரோட்டில், பார்வையை நேரே வைத்துக்கொண்டு ஓட்டினேன். இடது பக்கம் சுத்தமாக இருந்தது. வானம், ரோடு, வேலி. கறுப்பாகவோ மங்கலாகவோ ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அப்படி ஒன்றுமே இல்லை, எல்லாம் பளிச்சென்று முழுதாக இருந்தது.

ஸ்டீரிங் கையைத் தட்டியது. தலையைத் திருப்பி டிவியின் இடது ஓரத்தைப் பார்த்தேன். மஞ்சள் கார் என்னை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. நேரே பார்த்தேன், கார் இல்லை. திருப்பினேன், இருந்தது. நேரே, இல்லை. ஒவ்வொரு தடவை கை அதிரும்போதும் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அது பொய் சொல்லவில்லை.

வண்டி வேலியில் மோதி நின்ற பிறகும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மிருதுளா எப்போது வந்தாள் என்று தெரியாது. தோளில் கை வைத்தபோதுதான் தெரிந்தது.

"எப்ப இருந்து கண்ணு உனக்குத் தெரியும்?"

"மேரிக்கா ஏப்ரல்லயே சொன்னாங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. வீலு வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாம்மா?"

நம்பியிருக்க மாட்டேன். கண் இருக்கிற எவள் நம்புவாள்?

ஜூன் 24, திங்கள்

அருள்மேரி வீட்டுக்கே போனேன். வாசலில் நின்று, "மேரி, நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றேன். உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம், அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. என் ஸ்டூடண்ட்ஸ் எல்லோரையும் அவளே பார்க்கட்டும் என்று சொன்னேன். "ரெண்டு பக்கமும் அவங்களையே பாக்கச் சொல்லு. பயந்தாலும் பரவால்ல" என்றேன்.

ஹேமலதா போனை எடுக்கவில்லை.

ஜூன் 26, புதன்

மிருதுளாவோடு அவினாசி ரோட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண் அழுத்தம் அளந்தார். கிளாக்கோமா என்றார். வலிக்காமல், சொல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருமாம். தின்றது திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். நேர்ப் பார்வை கடைசி வரை கூர்மையாக இருக்கும் என்பதால் ஊசியில் நூல் கோக்கிறவர்கள்தான் அதிகம் ஏமாறுவார்களாம்.

"நான் டிரைவிங் சொல்லித் தர்றவ, வண்டி ஓட்டலாமுங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஓரப் பார்வை எவ்வளவு இருக்குன்னு ஃபீல்டு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்மா. அது நல்லா இருந்தா யோசிக்கலாம். இல்லைன்னா ஓட்டவும் கூடாது, அந்த இடது சீட்ல உட்காரவும் கூடாது."

செருப்பை வெளியே கழற்றச் சொல்லி, இருட்டறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். நடுவில் ஒரு பொட்டு, அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். பார்த்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் டெஸ்ட்.

முதலில் வெளிச்சம் தெரிந்தது. அழுத்தினேன். தெரிந்தது, அழுத்தினேன். பிறகு மெஷினுக்குள் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, வெளிச்சம் இல்லை. சத்தம் வந்தால் எங்கோ மின்னியிருக்கிறது என்று பிடிபட்டுவிட்டது. அழுத்தினேன். அடுத்த டிக்குக்கும் அழுத்தினேன். ஆபத்து வருவதற்கு முன்னாலேயே பிரேக்கில் கால் போய்ப் பழகின உடம்பு, எனக்கு இது பெரிய விஷயமா? கொஞ்ச நேரத்தில் தாளம் மாதிரி வந்துவிட்டது. பாஸ் ஆகிவிடுவேன் என்று மனம் குதித்தது. அந்த சீட், அந்த பிரேக், "மேடம்" என்று கூப்பிடுகிற பெண்கள் எல்லாம் அந்தப் பொத்தானில் இருந்தார்கள்.

மெஷின் நின்றது. டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, நடுவுல நடுவுல மெஷின் சும்மா சத்தம் மட்டும் கொடுக்கும். அப்பவும் நீங்க அழுத்திட்டே இருக்கீங்க. இந்த ரிப்போர்ட் செல்லாது. இன்னொரு தடவை எடுக்கணும்." திட்டவில்லை. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

மறுபடியும் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். அந்த வாட்ச்மேன் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாத்துட்டீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்.

டிக். வெளிச்சம். அழுத்தினேன்.

டிக். இல்லை. விரல் துடித்தது. அழுத்தவில்லை.

டிக். இல்லை.

டிக். இல்லை.

வெகு நேரம் அப்படியே போனது. இவ்வளவு நேரமா என்று இருந்தது. இத்தனை இடத்திலா என்று இருந்தது. கண்ணீர் வந்தால் டெஸ்ட் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, விரலைப் பொத்தானிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது வராந்தா முழுக்க ஆட்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். நேரே சுவர், காலண்டர், தண்ணீர் குடிக்கிற இடம். மிருதுளாவைக் காணோம். எங்கேயோ போய்விட்டாள் என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "மிருது, எங்க கண்ணு இருக்கற?" என்று கேட்டேன்.

"இங்கதாம்மா. உங்க பக்கத்துலயேதான்."

தலையை முழுதாக இடது பக்கம் திருப்பினேன். என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.